சைக்கிளைக் கடக்கும்போது ஒன்றரை மீட்டர்: விதி சொல்வதும் சாலையில் நடப்பதும்

விடிவதற்கு முன்பே கிராஞ்சி, சுங்கை காடுட், துவாஸ் வட்டாரச் சாலைகளில் சைக்கிள்கள் தென்படத் தொடங்கிவிடும். தங்கும் விடுதிகளிலிருந்து வேலையிடத்துக்குச் செல்லும் வெளிநாட்டு ஊழியர்கள் அவர்கள். அவர்களுக்குப் பின்னால் வரும் லாரிகளில் பல, அதே வட்டாரத்தில் உள்ள வேலையிடங்களுக்குத்தான் செல்கின்றன. முன்னால் மிதிப்பவர் தமிழராக இருக்கலாம், பின்னால் லாரியை ஓட்டுபவரும் தமிழராக இருக்கலாம். வார இறுதியில் லிம் சூ காங் சாலையிலும் சாங்கி கடற்கரைச் சாலையிலும் காட்சி மாறும். தலைக்கவசமும் ஒரே நிறச் சட்டையும் அணிந்த குழுக்கள் உடற்பயிற்சிக்காக வேகமாகச் செல்லும். பின்னால் வரும் கார் ஓட்டுநர் ‘ஹார்ன்’ அடிப்பார்.

இரண்டு இடங்களிலும் கேள்வி ஒன்றுதான். மெதுவாகச் செல்லும் வாகனத்தை எப்போது, எவ்வளவு இடைவெளி விட்டுக் கடக்கலாம்?

ஒன்றரை மீட்டர் என்பது எவ்வளவு?

சைக்கிளோட்டிகளைக் கடக்கும் வாகனங்கள் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ள வழிகாட்டி. நடைபாதை, சைக்கிள் பயன்பாடு குறித்து அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறும் குழு 2021ல் முன்வைத்த பரிந்துரைகளில் அதுவும் ஒன்று. அரசாங்கம் அதே ஆண்டு அக்டோபரில் அவற்றை ஏற்றுக்கொண்டது. நெடுஞ்சாலை விதித்தொகுப்பிலும், ஓட்டுநர் உரிமத்துக்கான கோட்பாட்டுத் தேர்வுக் கையேட்டிலும் இந்த அளவைச் சேர்ப்பது என முடிவானது.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடி 1.5 மீட்டரைக் கணிப்பது எளிதன்று. சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.7 அல்லது 1.8 மீட்டர். கடக்கும் காருக்கும் சைக்கிளோட்டிக்கும் நடுவே இன்னொரு சைக்கிளைக் குறுக்காக நிறுத்தினால் கிட்டத்தட்ட இடம் அடைபட வேண்டும். அதுவே ஒன்றரை மீட்டர். காரின் உடற்பகுதியிலிருந்து அளந்தால் போதாது, இடப்பக்கக் கண்ணாடியின் நுனியிலிருந்து பார்க்க வேண்டும். லாரிகளிலும் வேன்களிலும் அந்தக் கண்ணாடி சைக்கிளோட்டியின் தோள் அல்லது தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ‘உரசவில்லையே’ என்று ஓட்டுநர் நினைத்த தருணத்தில் கண்ணாடி அவருடைய காதருகே போயிருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விதியின் உண்மையான பொருள் விளங்கும். சைக்கிளோட்டி சாலையோரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் அகலம் சுமார் 0.6 மீட்டர். அதற்கு அப்பால் 1.5 மீட்டர் இடைவெளி. பிறகு காரின் அகலம் கண்ணாடிகளைச் சேர்த்து ஏறக்குறைய 2 மீட்டர். மொத்தம் 4.6 மீட்டர். சிங்கப்பூர்ச் சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டரை ஒட்டியே இருக்கும். லாரி, பேருந்து போன்றவை 2.5 மீட்டர் அகலம் வரை இருப்பதால் அவற்றுக்குத் தேவைப்படுவது ஐந்து மீட்டருக்கு மேல்.

ஆக, ஒரே தடத்துக்குள் இருந்துகொண்டு சைக்கிளை விதிப்படி கடக்கவே முடியாது. தடம் மாற வேண்டும், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். ‘கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கிப் போய்விடலாம்’ என்று பலர் செய்வதுதான் நடைமுறையில் மிக அதிகமாகக் காணப்படும் தவறு. சக்கரம் கோட்டின் மேல் உருள, பாதி வாகனம் இங்கும் பாதி அங்கும் இருக்கும். பக்கத்துத் தடத்தில் வரும் வாகனத்துக்கும் அது தொல்லை, சைக்கிளோட்டிக்கும் பாதுகாப்பில்லை.

பெரிய வாகனங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேகமாகச் செல்லும் லாரியோ ஈரடுக்குப் பேருந்தோ காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. அது நெருங்கும்போது சைக்கிளோட்டியைச் சாலையோரம் நோக்கித் தள்ளும், கடந்து முடிக்கும்போது உள்ளே இழுக்கும். வாகனம் தொடாமலேயே சைக்கிள் தள்ளாடுவது அதனால்தான். மழை நேரத்தில் சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். முன்னால் செல்பவர் வடிகால் மூடியையோ தேங்கிய நீரையோ தவிர்க்க ஓரடி வலப்பக்கம் விலகுவார் என்பதையும் பின்னால் வருபவர் எதிர்பார்க்க வேண்டும். மழையில் 1.5 மீட்டரும் போதாமல் போகலாம்.

ஒற்றைத் தடச் சாலையில் என்ன செய்வது?

ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையில் கடப்பதென்றால் எதிர்த்தடத்துக்குள் நுழைய வேண்டும். அங்கேதான் பொறுமை சோதிக்கப்படுகிறது.

சைக்கிள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திலும் கார் 50 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொள்வோம். சைக்கிளுக்கு 15 மீட்டர் பின்னால் வெளியேறி, அதைக் கடந்து 15 மீட்டர் முன்னால் மீண்டும் தன் தடத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஐந்து வினாடிகள் ஆகும். அதற்குள் கார் 70 மீட்டருக்கு மேல் சென்றிருக்கும். எதிரே 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாகனம் வந்தால் அதுவும் அதே அளவு தூரம் நெருங்கியிருக்கும். அதாவது ஒரே ஒரு சைக்கிளைக் கடக்க, கண்ணுக்கு எட்டிய சாலை ஏறக்குறைய 150 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். ஐந்து பேர் வரிசையாகச் சென்றால் அது 200 மீட்டர் ஆகிவிடும். வளைவும் மேடும் உள்ள சாலையில் 200 மீட்டர் தெரிவது அரிது.

வளைவிலும், மேட்டின் உச்சியை நெருங்கும்போதும், சந்திப்புகளிலும், பாதசாரிகள் கடக்கும் இடத்தை நெருங்கும்போதும் முந்தக்கூடாது என்பது ஓட்டுநர் உரிமம் எடுத்த அனைவரும் படித்ததுதான். இரட்டை வெள்ளைக் கோடு உள்ள இடத்தில் அதைத் தாண்டக்கூடாது. முன்னால் செல்வது மெதுவான சைக்கிள் என்பதால் இந்த விதிகளில் தளர்வு கிடைத்துவிடாது.

காத்திருந்தால் எவ்வளவு நேரம் போகும்? மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளுக்குப் பின்னால் 200 மீட்டர் சென்றால், 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருப்பதைவிடச் சுமார் 22 வினாடிகள் தாமதம். அரை கிலோமீட்டர் என்றால் ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அடுத்த சந்திப்பின் சிவப்பு விளக்கில் நிற்கும் நேரம் பெரும்பாலும் அதைவிட அதிகம்.

காத்திருக்கும்போதும் இடைவெளி விட வேண்டும். பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வந்து, இயந்திரத்தை உறும வைப்பதும் விளக்கை அடித்துக் காட்டுவதும் முன்னால் செல்பவரைப் பதற்றப்படுத்தும். பதற்றத்தில் அவர் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்க்கும்போது சைக்கிள் அந்தப் பக்கமே சாயும். ஹார்ன் ஆபத்தை எச்சரிப்பதற்கு உரியது, வழி கேட்பதற்கு அன்று.

இருவர் பக்கம் பக்கமாகச் செல்லலாமா?

ஓட்டுநர்களை அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். விதி தெளிவாகவே உள்ளது. ஒரு திசையில் ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் உள்ள சாலைகளில் இருவர் பக்கம் பக்கமாகச் செல்லலாம். ஒற்றைத் தடச் சாலையிலும், பேருந்துத் தடம் செயல்படும் நேரத்தில் அந்தத் தடத்திலும் ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும். வழக்கமான பேருந்துத் தடங்கள் வாரநாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் இரவு 8 வரையும் செயல்படுகின்றன.

குழுவின் நீளத்துக்கும் 2022 ஜனவரி 1 முதல் வரம்பு உண்டு. அதிகபட்சம் ஐந்து சைக்கிள் நீளம். பக்கம் பக்கமாகச் சென்றால் பத்துப் பேர், ஒற்றை வரிசையில் சென்றால் ஐந்து பேர். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே ஏறக்குறைய 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரம் இருக்கும்படி செல்வது நல்லது என்பது ஆலோசனை. கடக்கும் வாகனம் ஒரு குழுவை முந்திய பிறகு நடுவில் நுழைந்து மூச்சுவிட அந்த இடம் தேவை.

பக்கம் பக்கமாகச் செல்வதை ஏன் அனுமதிக்க வேண்டும் என்று கேட்போருக்கு மேலே சொன்ன 4.6 மீட்டர் கணக்கே பதில். ஒருவரைக் கடப்பதற்கே முழுதாக அடுத்த தடத்துக்குப் போயாக வேண்டும் என்றால், இருவரைக் கடக்கவும் அதே தடமாற்றம்தான். ஆனால் பத்துப் பேர் நீண்ட வரிசையாகச் செல்வதைவிட ஐந்து இணைகளாகச் சென்றால் கடக்க வேண்டிய நீளம் பாதியாகிறது. ஓட்டுநருக்கும் அதுவே வசதி. தடம் மாறாமலேயே நுழைந்து போகலாம் என்று நினைப்பவருக்கு மட்டுமே அது இடைஞ்சலாகத் தோன்றும்.

அதற்காகச் சைக்கிளோட்டிகள் பக்கம் குறையே இல்லை என்றில்லை. இருபது பேர் கூட்டமாக இரு தடங்களை அடைத்துக்கொண்டு செல்வதும், சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் போவதும் ஓட்டுநர்களின் கோபத்தைக் கிளறியதால்தான் விதிகளே மறுஆய்வு செய்யப்பட்டன. விதிமீறும் சைக்கிளோட்டிகளுக்கான சமரசத் தொகை அப்போது 75 வெள்ளியிலிருந்து 150 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் முதல் முறை குற்றத்துக்கு 1,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். சைக்கிளோட்டிகளுக்கு உரிமமும் சைக்கிளுக்குப் பதிவும் வேண்டும் என்ற கோரிக்கை அந்த மறுஆய்வில் ஏற்கப்படவில்லை.

சாலையில் செல்லும் சைக்கிளோட்டி 2019 முதல் தலைக்கவசம் அணிந்தாக வேண்டும். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ ஒளிதிருப்பியோ வேண்டும். 2021 செப்டம்பர் முதல், வேலை செய்யும் கைத்தடுப்பு குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். விரைவுச்சாலைகளிலும் அவற்றின் சுரங்கப்பாதைகளிலும் சைக்கிளுக்கு இடமில்லை. அதிகாலையில் வேலைக்குச் செல்லும் ஊழியருக்கு இவற்றில் மிக முக்கியமானது பின்விளக்கு. சாலை விளக்குகள் குறைந்த தொழிற்பேட்டைச் சாலையில், அடர்நிறச் சட்டை அணிந்தவர் லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவது கடைசி நொடியில்தான். ஒன்றரை மீட்டர் விடுவதற்கு முன்னால் ஆள் இருப்பது தெரிய வேண்டும்.

முந்திய உடனே இடப்பக்கம் திரும்புவது

கடந்து முடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. சைக்கிளை முந்திச் சென்று, அடுத்த விநாடியே அதன் குறுக்கே இடப்பக்கம் திரும்புவது மிக ஆபத்தான பழக்கம். சைக்கிளோட்டி நேராகச் செல்கிறார், திடீரென்று அவர் முன் ஒரு சுவர் போல வாகனம் நிற்கும். சந்திப்போ வாகன நிறுத்துமிட நுழைவாயிலோ அருகில் இருந்தால் முந்தாமல் பின்னாலேயே சென்று திரும்புவதே சரி.

மின்சைக்கிள்கள் விஷயத்தில் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. சாதாரணச் சைக்கிள் என்று நினைத்து ஓட்டுநர் அதன் வேகத்தைக் குறைத்துக் கணிக்கிறார். ஆனால் அதன் இயந்திரம் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை உந்தித் தருகிறது. கையை வீசி மிதிக்காத முதியவரும் அந்த வேகத்தில் வரலாம். பதிவு எண் பொருத்தப்பட்ட இந்த மின்சைக்கிள்கள் சாலையிலும் சைக்கிள் பாதையிலும் மட்டுமே செல்லலாம், நடைபாதையில் செல்லக்கூடாது. எனவே உணவு விநியோக ஊழியர்கள் பலர் இவற்றோடு சாலையில் இருப்பது விதிப்படியே. ‘நடைபாதையில் போகலாமே’ என்று கத்துவது விதி தெரியாதவர் பேச்சு.

நிறுத்திய காரின் கதவும் இந்தப் பட்டியலில் சேரும். டாக்சியிலிருந்து இறங்குபவர் பின்னால் பாராமல் கதவைத் திறந்தால், அந்தக் கதவின் முழு வீச்சு ஏறக்குறைய ஒரு மீட்டர். கதவை ஒட்டிய கையால் திறக்காமல் எதிர்க்கையால் திறந்தால் உடல் தானாகவே திரும்பும், கண் பின்னால் பார்க்கும். பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் இதைப் பழக்கிவிடலாம்.

மற்ற மெதுவான வாகனங்கள்

பேருந்து நிறுத்தத்திலிருந்து வெளியேறும் பேருந்துக்கு வழிவிடுவது, அதற்கான குறியீடுகள் வரையப்பட்ட நிறுத்தங்களில் கட்டாயம். 2008ல் அறிமுகமான திட்டம் அது. பேருந்தின் வலப்பக்கச் சைகை விளக்கு எரிந்ததும் வேகத்தைக் கூட்டி முந்துவது பலருக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. பேருந்துத் தடத்தில் பேருந்தும் சைக்கிளும் ஒன்றையொன்று மாறி மாறிக் கடப்பதும் அன்றாடம் நடக்கிறது. பேருந்து முந்துகிறது, நிறுத்தத்தில் நிற்கிறது, சைக்கிள் முந்துகிறது, மறுபடியும் பேருந்து. அடுத்த நிறுத்தம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் பேருந்து பின்னாலேயே வருவதில் இழப்பு ஒன்றுமில்லை.

லாரிகளும் பாரந்தூக்கிகளும் வேக வரம்பால் மெதுவாகச் செல்பவை. அவற்றின் ஓட்டுநர் விரும்பினாலும் வேகம் கூட்ட முடியாது. அவற்றை வலப்பக்கமாகவே கடக்க வேண்டும். இடப்பக்கம் நுழைபவரை லாரி ஓட்டுநரால் பார்க்க முடியாது. மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் சந்திப்பில் நிற்கும் லாரியின் இடப்பக்கம் மிக மோசமான இடம். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லை என்றால் ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவர் தெரியவில்லை என்றே பொருள்.

விரைவுச்சாலையில் நடுத்திட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வண்டியும், பின்னால் அம்பு விளக்கு மின்ன மெதுவாகச் செல்லும் பராமரிப்பு வாகனமும் வலத் தடத்தில் வரக்கூடும். அம்பு காட்டும் திசையில் முன்கூட்டியே தடம் மாற வேண்டும். கடைசி நேரத்தில் வண்டியை ஒட்டி வளைந்தால், அதற்கு முன்னால் நடந்து வேலை செய்யும் ஊழியர் பார்வைக்கு வருவதற்குள் வாகனம் அவரை நெருங்கியிருக்கும்.

மீறினால் என்ன?

1.5 மீட்டர் என்பது வழிகாட்டி. அந்த அளவுக்குக் குறைந்தது என்பதற்காக மட்டும் தனிக்குற்றம் சுமத்தப்படுவதில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் வேறு வழியை எடுத்தது. அங்கு 2014ல் சோதனையாகத் தொடங்கி 2016ல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டப்படி, 60 கிலோமீட்டர் வேக வரம்பு வரை ஒரு மீட்டரும் அதற்கு மேற்பட்ட சாலைகளில் 1.5 மீட்டரும் விட வேண்டும். பாதுகாப்பாக இருந்தால் சைக்கிளைக் கடப்பதற்காக நடுக்கோட்டைத் தாண்டவும் அச்சட்டம் அனுமதிக்கிறது.

ஆனால் வழிகாட்டி என்பதால் சிங்கப்பூரில் அதற்குப் பல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நெடுஞ்சாலை விதித்தொகுப்பைப் பின்பற்றாததை, வழக்கு வரும்போது யார் மீது பொறுப்பு என்பதை நிறுவ நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டலாம். நெருக்கிக் கடந்ததில் சைக்கிளோட்டி விழுந்தால், கவனமின்றி வாகனம் ஓட்டியதாகவோ ஆபத்தான முறையில் ஓட்டியதாகவோ சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டப்படும். கவனமின்றி ஓட்டி மரணம் விளைவித்தால் முதல் முறை குற்றவாளிக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தால் எட்டு ஆண்டு வரை சிறை. இரண்டிலும் உரிமம் பறிபோகும் வாய்ப்பும் உண்டு. லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு உரிமம் போவது வேலையே போவதுதான்.

சைக்கிளோட்டி சம்பந்தப்பட்ட விபத்து என்றால் ஓட்டுநர் நிற்க வேண்டும், விவரங்களைத் தர வேண்டும், காவல்துறையிடம் புகார் பதிவு செய்ய வேண்டும். காயமடைந்தவர் ‘பரவாயில்லை, ஒன்றுமில்லை’ என்று எழுந்து போனாலும் அப்படித்தான். வேலைக்குத் தாமதமாகிவிடும், முதலாளி கோபிப்பார், காவல்துறை வந்தால் சிக்கல் என்று பயந்து ஊழியர்கள் அப்படிச் சொல்வது உண்டு. தலையில் அடிபட்டவருக்கு வலி சில மணி நேரம் கழித்தும் வரலாம். அவசர மருத்துவ வாகனத்துக்கு 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

மோட்டார் வாகனம் ஒவ்வொன்றுக்கும், பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான காப்புறுதி சட்டப்படி கட்டாயம் என்பது சைக்கிளில் செல்லும் ஊழியர்கள் பலருக்குத் தெரியாது. தவறு ஓட்டுநருடையது என்றால், அடிபட்டவர் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவராக இருந்தாலும் அந்தக் காப்புறுதியின்கீழ் இழப்பீடு கோரலாம். அதற்கு வாகனப் பதிவு எண், விபத்து நடந்த இடம், நேரம், பார்த்தவர்களின் தொடர்பு எண், மருத்துவ அறிக்கை ஆகியவை தேவைப்படும். எழுந்து நிற்க முடிந்தால் முதல் வேலையாகக் கைப்பேசியில் எண்தகட்டைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது.